தோட்டத்துத் தடத்துக்கும் தினசரிச் சாலைக்கும் ஒரே வண்டி: எரிபொருள் சிக்கனமான ஃபோர் வீல் டிரைவைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோவையிலோ திருப்பூரிலோ ஈரோட்டிலோ வேலை, பொள்ளாச்சி, உடுமலை, அந்தியூர், தாளவாடிப் பக்கம் தோட்டம் என்று இரண்டு இடங்களில் கால் வைத்து வாழும் குடும்பங்கள் கொங்கு நாட்டில் ஏராளம். வார நாட்களில் அவிநாசி சாலை நெரிசலில் ஊர்ந்து, ஞாயிற்றுக்கிழமை சேறாகிக் கிடக்கும் இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் குறுகிய மண் தடத்தில்) இறங்கி ஏற வேண்டிய ஒரே வண்டியை வாங்கப் போகிறவர்களில் பலர், ஷோரூமில் நிற்கும் வண்டியின் மிடுக்கைப் பார்த்து முடிவெடுத்துவிட்டு, பிறகு மாதக் கடைசியில் பெட்ரோல் பங்க் ரசீதுகளைக் கூட்டிப் பார்த்துத் தலையில் கை வைக்கிறார்கள். இங்கே முதலில் தடத்தை அளக்கச் சொல்கிறேன்; வண்டிகளின் பெயர்கள் பாதி வழியில்தான் வரும்.

தொடங்குமுன் ஒரு செய்தி. வெளிநாடுகளில் இத்தகைய வண்டிகளை வேட்டைக்கென்றே வாங்குவோர் உண்டு. நம் நாட்டில் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகையால் தோட்டக் காவல், விளைபொருள் ஏற்றுவது, மலைச் சாலைப் பயணம், அன்றாட அலுவலகப் போக்குவரத்து ஆகியவற்றை மட்டுமே இந்த வழிகாட்டி கணக்கில் கொள்கிறது.

முதற்படி: தடத்தை அளந்துகொள்ளுங்கள்

ஒரு அளவு நாடாவுடன் தோட்டத்துக்குப் போய்வருவதுதான் இந்த வேலையில் மிகப் பயனுள்ள அரை நாள். இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட இட்டேரிகள் மாட்டு வண்டிக்காக விடப்பட்டவை. பல இடங்களில் வேலி வளர்ந்து உள்ளே சாய்ந்திருக்கும். மிகக் குறுகலான இடத்தில் வேலிக்கும் வேலிக்கும் இடையே எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, அதில் இருபுறக் கண்ணாடிகளுக்கும் சேர்த்து அரை மீட்டராவது கழித்துக்கொள்ளுங்கள். மாருதி ஜிம்னியின் அகலம் 1645 மி.மீ., மஹிந்திரா தாரின் அகலம் 1820 மி.மீ., ஸ்கார்பியோ-என் வண்டியின் அகலம் 1917 மி.மீ. காகிதத்தில் ஒரு சாண் வித்தியாசம்தான். ஆனால் இட்டேரித் திருப்பத்தில் அந்த ஒரு சாண்தான் கதவில் முள் கீறுமா கீறாதா என்பதைத் தீர்மானிக்கும்.

அடுத்து நடுத்திட்டு. டிராக்டர் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளமாகி, நடுவில் புல் முளைத்த மேடு நிற்கும் தடங்களில், சக்கரம் ஓடும் பள்ளத்தின் அடியிலிருந்து மேட்டின் உச்சி வரை உயரத்தை அளக்க வேண்டும். அந்த மேட்டில் கல் துருத்திக்கொண்டிருந்தால் அதன் தலையைக் குனிந்து பாருங்கள். ஏற்கெனவே யாருடைய வண்டியாவது அடிபட்டிருந்தால் கல்லில் கரிய எண்ணெய்ப் பிசுக்கும் அலுமினியக் கீறலும் ஒட்டியிருக்கும். அளந்த உயரத்துடன் ஐந்து சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். ஏனெனில் ஆளும் மூட்டையும் ஏறியதும் வண்டி தாழும். மழைக்குப் பிறகு சக்கரப் பள்ளம் இன்னும் ஆழமாகும்.

மூன்றாவது மண். செம்மண்ணும் சரளையும் கலந்த தடம் மழை விட்ட சில மணி நேரத்தில் இறுகிவிடும். உடுமலை, தாராபுரம் பக்கத்துக் கரிசல் அப்படியல்ல. அது டயரின் பள்ளங்களை அடைத்துக்கொண்டு, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயரையும் வழுவழுப்பாக்கிவிடும். கீழ்பவானி வாய்க்கால் கரையிலும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்ட வாய்க்கால் கரைகளிலும் போகிறவர்களுக்கு வேறொரு கவலை: அங்கே சிக்கிக்கொள்வதைவிடச் சறுக்கித் தண்ணீரில் இறங்குவதுதான் ஆபத்து. தடத்தின் குறுக்கே பள்ளம் ஓடினால், ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் எந்த உயரம் வரை வரும் என்பதைப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் கேளுங்கள்.

இரண்டாம் படி: நான்கு சக்கர இயக்கம் தேவைதானா?

அளந்து முடித்தபின் பலருக்கு விடை 'இல்லை' என்றே வரும். ஆண்டில் சில நாட்கள் மட்டும் சேறாகும், ஏற்றமில்லாத, சரளை போட்ட தடம் என்றால், தரையிலிருந்து நல்ல உயரம் உள்ள சாதாரண வண்டியும், நான்கு நல்ல டயர்களும், தடத்தின் மோசமான இடத்தில் இரண்டு டிப்பர் கிராவல் மண்ணும் போதும். ஃபோர் வீல் டிரைவுக்காகக் கூடுதலாகத் தரும் சில லட்சங்களை ஒப்பிடும்போது கிராவல் மண் மிக மலிவு. இதை வண்டி விற்பவர் சொல்ல மாட்டார்.

தேவைப்படுகிறவர்கள் யார்? மேடும் பள்ளமுமாக மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள், கரிசல் காட்டில் மழை நாளிலும் பால் எடுத்து வர வேண்டியவர்கள், பர்கூர், தாளவாடி, வால்பாறை, கொல்லிமலை போன்ற இடங்களில் தார்ச் சாலையை விட்டு இறங்கி எஸ்டேட் தடத்தில் ஏற வேண்டியவர்கள், பாரம் ஏற்றிய சிறு டிரெய்லரை இழுப்பவர்கள். மலை ஏறுவதற்கு மட்டும் அது வேண்டாம்; ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகளையும், கொல்லிமலையின் 70 வளைவுகளையும் சாதாரணக் கார்களும் பேருந்துகளும் தினமும் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன.

மூன்றாம் படி: எந்த வகை இயக்கம்?

சந்தையில் இரண்டு வகைகள் உண்டு. இவற்றின் வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் வாங்குவதால்தான் பின்னால் ஏமாற்றம் வருகிறது.

முதல் வகை, தனி லீவர் அல்லது குமிழ் வைத்த பழைய முறை. இயல்பாகப் பின்சக்கரங்கள் மட்டும் ஓடும்; 4எச் நிலையில் முன்சக்கரங்களும் சேர்ந்துகொள்ளும்; 4எல் நிலையில் கியர் விகிதம் தாழ்ந்து, வேகம் குறைந்து இழுவிசை பெருகும். ஜிம்னி, தார், ஃபோர்ஸ் கூர்க்கா, இசுசு வி-கிராஸ் ஆகியவை இந்த வகை. இவற்றில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே டிஃபரன்ஷியல், அதாவது இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு, கிடையாது. வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சற்று நீளமான வளைவில் ஓடுகின்றன. இரண்டு அச்சுகளும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருந்தால் அந்த வித்தியாசம் எங்காவது ஈடுகட்டப்பட வேண்டும். சேற்றிலும் மணலிலும் டயர் கொஞ்சம் சறுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச் சாலையில் சறுக்க இடமில்லாததால் அழுத்தம் முழுவதும் ஷாஃப்டிலும், விசையை இரண்டு அச்சுகளுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறுகிறது. ஸ்டீயரிங் கனத்து, திரும்பும்போது வண்டி முண்டுவது இதனால்தான். ஆகவே இந்த வகை வண்டியைக் காய்ந்த சாலையில் 4எச் போட்டு ஓட்டவே கூடாது.

இரண்டாம் வகை, தானாகச் சேரும் ஆல் வீல் டிரைவ். மாருதி கிராண்ட் விட்டாராவின் ஆல்கிரிப், அதன் உடன்பிறப்பான டொயோட்டா ஹைரைடரின் நான்கு சக்கர வடிவம், மஹிந்திரா எக்ஸ்யுவி 700-இன் நான்கு சக்கர டீசல் வடிவம் ஆகியவை இதில் அடங்கும். இயல்பாக முன்சக்கரங்கள் ஓடும். அவை சறுக்கினால் ஒரு கிளட்ச் வழியாகப் பின்சக்கரங்களுக்கு விசை போகும். மழையில் நனைந்த தார்ச் சாலை, ஈரச் செம்மண், சின்னச் சறுக்கல் ஆகியவற்றுக்கு இது அருமையானது. ஓட்டுபவர் எதையும் தொட வேண்டியதில்லை. ஆனால் 4எல் கிடையாது. செங்குத்தான கல் தடத்தில் பாரத்துடன் நத்தை வேகத்தில் ஏறவும், அதைவிட முக்கியமாக, பிரேக்கைத் தேய்க்காமல் இறங்கவும் 4எல்தான் உதவும். ஆழமான சேற்றில் நீண்ட நேரம் போராடினால் அந்தக் கிளட்ச் சூடேறி விலகிக்கொள்ளவும் கூடும்.

விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு. குறுக்குக்கோடாக ஒரு முன்சக்கரமும் ஒரு பின்சக்கரமும் பள்ளத்தில் தொங்கிவிட்டால், சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள ஃபோர் வீல் டிரைவும் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும். அதைச் சமாளிக்கச் சுழலும் சக்கரத்தைப் பிரேக் போட்டுப் பிடிக்கும் மின்னணு முறையா, ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் இயந்திர லாக்கரா என்பதுதான் கேள்வி. கூர்க்காவில் முன்னும் பின்னும் இயந்திர லாக்கர் உண்டு. ஜிம்னி பிரேக் முறையை நம்புகிறது; தோட்ட வேலைக்கு அதுவே போதுமானது என்பது என் கருத்து.

நான்காம் படி: மைலேஜ் கணக்கு

ஃபோர் வீல் டிரைவ் என்றாலே மைலேஜ் போய்விடும் என்பது பாதி உண்மைதான். இருசக்கர நிலையில் ஓடும்போது அந்த அமைப்பு நேரடியாகத் தின்னும் எரிபொருள் மிகக் குறைவு. பெரும் இழப்பு வண்டியின் எடையாலும், பெட்டி போன்ற வடிவத்தாலும், முரட்டு டயர்களாலும் வருகிறது. நகர நெரிசலில் நின்று நின்று கிளம்பும்போது எடை தின்கிறது. சேலம் நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தால் காற்று தின்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப (வேகம் இருமடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காக) ஏறுவதால், தாரும் ஜிம்னியும் போன்ற சதுர வண்டிகளை 100-இல் ஓட்டுவதற்கும் 80-இல் ஓட்டுவதற்கும் இடையே பணப்பை உணரும் அளவுக்கு வித்தியாசம் இருக்கும்.

நிறுவனம் அறிவிக்கும் மைலேஜ் ஆய்வுக்கூடத்தில் ஒரே மாதிரியான சோதனையில் எடுக்கப்பட்டது. ஜிம்னிக்கு கையியக்கக் கியரில் லிட்டருக்கு 16.94 கி.மீ., ஆட்டோமேட்டிக்கில் 16.39 கி.மீ.; 2022-இல் வந்த கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப்புக்கு கையியக்கக் கியரில் 19.38 கி.மீ. ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிட இந்த எண்கள் உதவும். வீட்டு வரவு செலவுக்கு உதவாது. அறிவித்ததில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத் திட்டமிடுவது பத்திரம்.

உங்கள் சொந்தக் கணக்கை இப்படிப் போடுங்கள். அலுவலகத்துக்குப் போக வர 40 கி.மீ., மாதம் 25 நாட்கள் என்றால் 1000 கி.மீ. தோட்டத்துக்கு வாரம் 100 கி.மீ. என்றால் இன்னொரு 400. மொத்தம் 1400 கி.மீ. லிட்டருக்கு 11 கி.மீ. தரும் வண்டிக்கு 127 லிட்டர் வேண்டும், 14 கி.மீ. தரும் வண்டிக்கு 100 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் ஏறத்தாழ 2,700 ரூபாய் வித்தியாசம்; ஐந்து ஆண்டுகளில் அது ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். இதே கணக்கில் தோட்டத்துத் தடத்தில் ஓடும் தூரத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள். பலருக்கு அது மாதம் பத்து, இருபது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மீதி முழுவதும் தார்ச் சாலை. அந்தச் சில கிலோமீட்டரைக் கடக்கத் தகுதியுள்ள வண்டிகளில் எது எடை குறைந்ததோ அதையே வாங்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஐந்தாம் படி: பெட்ரோலா, டீசலா?

தமிழ்நாட்டில் டீசல் பெட்ரோலைவிட எட்டு, ஒன்பது ரூபாய் மலிவு. டீசல் எஞ்சின் குறைந்த சுற்றிலேயே அதிக இழுவிசை தருவதால் பாரத்துக்கும் ஏற்றத்துக்கும் அதுவே சுகம். ஆயினும் டீசல் ஃபோர் வீல் டிரைவ்கள் எல்லாம் கனமான வண்டிகள். லிட்டர் 92 ரூபாய் டீசலில் 13 கி.மீ. ஓடும் கனமான வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 8 காசு ஆகிறது. லிட்டர் 101 ரூபாய் பெட்ரோலில் 14 கி.மீ. ஓடும் இலகுவான வண்டிக்கு 7 ரூபாய் 21 காசு. இப்படிப் பார்த்தால், 'டீசல்தான் சிக்கனம்' என்ற பழைய பேச்சுக்குப் பெரிய அடிப்படை இல்லை.

பிஎஸ்6 என்ற புகை விதிப்படி செய்யப்பட்ட டீசல் வண்டிகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் வடிகட்டி, நல்ல வேகத்தில் இருபது நிமிடமாவது ஓடிச் சூடேறினால்தான் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். கோவையிலிருந்து திருப்பூருக்கோ பொள்ளாச்சிக்கோ தினமும் போய்வருகிறவருக்கு இது தொல்லையே இல்லை. காந்திபுரத்திலிருந்து ஆர்.எஸ்.புரம் வரை நாலு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துகிறவருக்கு எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரியும். அவருக்கு டீசல் வேண்டாம். பெட்ரோல் பக்கத்தில் கவனிக்க வேண்டியது 20 விழுக்காடு எத்தனால் கலந்த ஈ20. எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் சற்று இறங்கும். பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் அது ஈ20-க்கு ஏற்றதா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: வண்டிகளை ஒவ்வொன்றாக எடைபோடுங்கள்

ஜிம்னி 2023-இல் வந்தது, 1.5 லிட்டர் பெட்ரோல், எடை ஏறத்தாழ 1200 கிலோ, தரை உயரம் 210 மி.மீ., லேடர் சட்டம் (லாரிகளில் உள்ளதுபோல ஏணி வடிவ அடிச்சட்டம்), 4எல் வசதி. இட்டேரிக்கு இதைவிடப் பொருத்தமான அகலம் வேறு எதிலும் இல்லை. குறையும் தெளிவு: பின்னிருக்கையை மடக்காமல் மூட்டைகளுக்கு இடம் கிடையாது, ஆளும் பாரமும் நிறைந்தால் ஏற்றத்தில் கியரை அடிக்கடி இறக்க வேண்டியிருக்கும். நான்கு பேர் தினமும் போகும் குடும்பத்துக்கு இது இறுக்கம். ஒருவர் இருவர் அலுவலகம் போய் வார இறுதியில் தோட்டம் பார்க்கும் குடும்பத்துக்கு இதுதான் என் முதல் தேர்வு.

2020 அக்டோபரில் புது வடிவம் பெற்ற தாரின் 2.2 லிட்டர் டீசல், ஜிம்னியைவிட ஏறத்தாழ அரை டன் கனம். தரை உயரம் 226 மி.மீ., தண்ணீரில் 650 மி.மீ. வரை இறங்கலாம் என்று நிறுவனமே சொல்கிறது. பள்ளம் தாண்டிப் போக வேண்டியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் 2023-இல் வந்த 1.5 லிட்டர் டீசல் தார் பின்சக்கர இயக்கம் மட்டுமே கொண்டது. வெளித்தோற்றம் ஒன்றுபோல இருப்பதால், பழைய வண்டிச் சந்தையில் லீவரைப் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். 2024-இல் வந்த ஐந்து கதவுத் தார் ராக்ஸில் நான்கு சக்கர இயக்கம் டீசலில் மட்டுமே கிடைக்கிறது. குடும்பத்துக்கு வசதி, இட்டேரிக்குப் பெரிது.

தடம் அவ்வளவு மோசமில்லை, மழையில் சறுக்குவதுதான் கவலை என்றால் கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப்பே மிகச் சிக்கனம். அதே வண்டியின் 27.97 கி.மீ. ஹைப்ரிட் விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது முன்சக்கர இயக்கம் மட்டுமே. ஸ்கார்பியோ-என் ஃபோர் வீல் டிரைவ் நெடுந்தூரத்துக்கு அருமை. நகரத்தில் நிறுத்த இடம் தேடியே நேரம் போகும். தேங்காயும் உரமும் தீவனமும் வாராவாரம் ஏற்றுகிறவர்கள் வி-கிராஸைப் பார்க்கலாம். பொலிரோ கேம்பர் போன்றவை வணிக வாகனப் பதிவில் வருவதால் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டும் வேலை சேர்ந்துகொள்ளும். கூர்க்கா முழுநேர மலைவாசிக்கான வண்டி. அலுவலகம் போக அதை வாங்குவது வீண்.

ஏழாம் படி: விலையும் வரியும்

2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் அடங்கி, பெட்ரோலில் 1200 சிசிக்கும் டீசலில் 1500 சிசிக்கும் மிகாத கார்களுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு, மற்றவற்றுக்கு 40. மேலே சொன்ன ஃபோர் வீல் டிரைவ் கார்கள் எல்லாம் 40-இல்தான் விழுகின்றன. நீளம் குறைந்த ஜிம்னியும்கூட எஞ்சின் அளவால் அங்கே போய்விடுகிறது. இதற்கு மேல் தமிழ்நாட்டின் ஆயுள் வரி: பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையுள்ள கார்களுக்கு 18 விழுக்காடு, இருபது லட்சத்தைத் தாண்டினால் 20 விழுக்காடு. ஒரு சன்ரூஃபுக்காகப் பத்தொன்பதரை லட்சத்திலிருந்து இருபதரை லட்சத்துக்குத் தாவினால் வரி 3.51 லட்சத்திலிருந்து 4.10 லட்சமாகிறது. அந்தப் பணத்தில் நல்ல டயர் ஒரு செட் வாங்கிய பிறகும் மீதி இருக்கும்.

எட்டாம் படி: ஓட்டிப் பாருங்கள், பழையது என்றால் கீழே படுத்துப் பாருங்கள்

ஷோரூம் வாசலிலிருந்து அடுத்த சிக்னல் வரை ஓட்டுவது சோதனை ஆகாது. உங்கள் அலுவலக வழியில், நெரிசல் நேரத்தில் ஓட்டிப் பாருங்கள்; கிளட்சின் கனமும், உட்கார்ந்திருக்கும் உயரமும், பின்னிருக்கையில் பெரியவர்கள் ஏறி இறங்கும் சிரமமும் அப்போதுதான் தெரியும். 2எச் எனப்படும் இருசக்கர நிலையிலிருந்து 4எச்சுக்கும் 4எல்லுக்கும் நீங்களே மாற்றிப் பாருங்கள்.

பழைய வண்டியாக இருந்தால் 4எல் உடனே விழுகிறதா, விழுந்தபின் தானாகக் கழன்றுவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். டிஃபரன்ஷியலின் எண்ணெய் அடைப்பைத் திறந்து விரலால் தொட்டுப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. முன் அச்சின் ரப்பர் உறைகளில் வெடிப்பு, சட்டத்தின் உட்புறத்தில் உலர்ந்த சேறு, அதன் அடியில் துரு ஆகியவை வண்டியின் கடந்தகாலத்தைச் சொல்லும். மழை மிகுந்த எஸ்டேட்டுகளில் உழைத்த வண்டிகளில் இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். நான்கு டயர்களும் ஒரே அளவில், ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் இருப்பதும் அவசியம். அளவு மாறினால் மூன்றாம் படியில் சொன்ன அழுத்தம் நேர்ச் சாலையிலும் ஏறும்.

ஒன்பதாம் படி: டயரும் மாற்றங்களும்

சாலைக்கான எச்டி டயர் சிக்கனம், அமைதி. ஏடி டயர் இரண்டுக்கும் நடுத்தரம். எம்டி டயர் சேற்றுக்கு மட்டும். தினமும் தார்ச் சாலையில் ஓடுகிறவர் எம்டி போடுவது காசைத் தேய்ப்பதற்குச் சமம். நிறுவனம் தந்த அளவிலேயே மென்மையான ஏடி டயர் போதும். பெரிய டயர் போட்டால் மைலேஜ் குறைவதோடு, ஓடோமீட்டர் உண்மையான தூரத்தைவிடக் குறைத்துக் காட்டுவதால் உங்கள் கணக்கும் தவறிவிடும். சேற்றில் இறங்குமுன் காற்றழுத்தத்தை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தால் டயர் பரந்து பிடிக்கும். கரிசலில் இது பாதித் தொல்லையைத் தீர்க்கும். தார்ச் சாலைக்கு வந்ததும் மீண்டும் நிரப்ப, 12 வோல்ட்டில் ஓடும் சிறு காற்றடிப்பான் ஒன்று வண்டியிலேயே இருக்க வேண்டும்.

முன்னால் இரும்புக் கம்பிச் சட்டம் மாட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். மத்திய அரசு 2017-இலேயே அதற்கு எதிராக உத்தரவிட்டிருக்கிறது. மோதும் வேகத்தை அளக்கும் ஏர்பேக் உணரிகளின் வேலையையும் அது கெடுக்கும். கூரைமேல் கூடையும் விளக்கு வரிசையும் காற்றைத் தடுத்து மைலேஜைத் தின்பவை. வனச் சோதனைச் சாவடிகளில் அந்த விளக்குகள் தேவையற்ற கேள்விகளையும் வரவழைக்கும். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் சாலையில் 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. தாளவாடித் தோட்டத்துக்காரர்கள் எந்த வண்டி வாங்கினாலும் கட்டுப்பாட்டு நேரம் தொடங்குமுன் சாவடியைத் தாண்டும்படி கிளம்புவது நல்லது.

வாங்கிய பின்

மாதம் ஒருமுறையாவது மண் தடத்தில் 4எச் போட்டுச் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஓடாத அச்சில் எண்ணெய் படியாமல் சீல்கள் காய்ந்துபோகும், தேவைப்படும் நாளில் லீவர் அசையாது. தண்ணீர் தாண்டிய வாரத்தில் டிஃபரன்ஷியல் எண்ணெயைச் சோதிக்கச் சொல்லுங்கள். டயர்களை 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். மைலேஜ் அளக்கும்போது டேங்கை நிரப்பி, ஓட்டி, அதே பங்கில் மீண்டும் நிரப்பிக் கணக்கிடுங்கள்; டேஷ்போர்டில் காட்டும் எண் பெரும்பாலும் சற்றுப் பெருந்தன்மையாகவே இருக்கும்.